முகம் பார்க்காத கேள்வி

நஸ்ஹாவுக்கு வயிற்று வலி என்றுதான் புத்தளத்துத் தில்லையடி முழுக்கப் பேச்சு. உம்மா அலீமா கட்டிவிட்ட கதை அது. பதினாறு வயதுப் பிள்ளை சாகப் பார்த்தாள், ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள் என்று எந்த வாயால் சொல்வது? வயிற்று வலி என்றால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? கஞ்சி வந்தது. மறுபடியும் கஞ்சி வந்தது. கொண்டுவந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கொச்சிக்காய் உறைப்பே படாத அந்தக் கஞ்சியை அவள் குடித்துத் தீர்த்தாள். வலிக்காத வயிற்றுக்கு இப்படியொரு வைத்தியம் உலகத்தில் நடந்திருக்காது.

மருந்து மயக்கத்தில் நாட்கள் தண்ணீருக்கடியில் போவதுபோலப் போயின. பக்கத்தில் இருந்து உம்மா கதைப்பது எங்கோ தூரத்தில் கேட்கும். நடந்தால் கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வரும். ஓட்டோ ஓட்டிக் களைத்து வரும் வாப்பா ஸலாஹுதீன் அறை வாசலில் நின்று, சாப்பிட்டியா என்று கேட்பார். ஓம் என்பாள். அவர் கேட்க நினைத்தது அதுவல்ல என்று இருவருக்கும் தெரியும்.

அந்த வீட்டில் பெரிய விஷயங்களுக்குப் பெயர் கிடையாது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில், முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டதையே ‘இங்கால வந்தது’ என்றுதான் சொல்வார்கள். யுத்தம் முடிந்த பிறகும் அப்படித்தான். பேசாமல் விட்டால் ஆறிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நஸ்ஹாவுக்குள் ஆறவில்லை. அந்த எண்ணம் இன்னமும் வந்து போய்க்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சுற்றி வளைக்காமல் முதலில் கேட்டவர் ஆஸ்பத்திரியில் உளவளத்துணை செய்யும் ஹிதாயா மிஸ்தான். நஸ்ஹா சொன்னாள். சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் இலேசானது. அடுத்த முறை வாப்பாவையும் உள்ளே கூப்பிட்டார் மிஸ். இதை வீட்டிலும் ஒருவர் தினமும் கேட்க வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் வளராது, ஓம் என்று சொன்னால் ஏசாமல், தனியே விடாமல் கூட இருக்க வேண்டும், முற்றினால் நேரே இங்கே கூட்டிவர வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். பிறகு இருவரையும் எதிரெதிர்க் கதிரையில் இருத்தி, இப்போதே கேட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பது கொழும்புப் பயிற்சியில் மிஸ் படித்தது. பயிற்சி கொடுத்தவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வளர்ந்த மகளின் கண்ணைப் பார்த்து சாவைப் பற்றி, மௌத்தைப் பற்றி எந்த வாப்பா கேட்பார்? அவர் தன் செருப்பைப் பார்த்தார். நஸ்ஹா மின்விசிறியைப் பார்த்தாள். மிஸ் தன் படிப்பை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார்.

எதில் வந்தீர்கள் என்று கேட்டார். ஓட்டோவில். அப்படியென்றால் போகும் வழியில் கேளுங்கள், திரும்ப வேண்டாம், பாதையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

பின்னேர வெயில் புத்தளத்தின் மேல் பால் மாதிரிக் கிடந்தது. கடைகள், மினாராக்கள், சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் சத்தமில்லாமல் மிதந்து போனார்கள். நடுவீதியில் இரண்டு கழுதைகள் ஆழ்ந்த யோசனையில் நின்றன. வாப்பா ஹோர்ன் அடிக்கவில்லை. அவை யோசித்து முடித்து விலகும்வரை காத்திருந்தார்.

“மகள், இண்டைக்கு மௌத்தாகோணும் எண்டு நெனச்சியா?”

இரைச்சலிலும் ஒரு சொல் தப்பாமல் கேட்டது. வாப்பாவின் பிடரி வியர்த்திருந்தது. எதுவும் குறுக்கே வராத இடத்திலும் பிரேக்கை மிதித்தார். அவருக்குத் தன்மேல் கோபம் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். கோபமில்லை, பயம். மனிதர் பயந்து செத்துக்கொண்டிருந்தார்.

“ஓம் வாப்பா. விடிய சுபஹுக்கு நெனச்சன்.”

அவர் ஏசவில்லை.

“இப்ப?”

“இப்பயும் கொஞ்சம் ஈக்குது.”

தில்லையடித் திருப்பம் வந்தது. வாப்பா திருப்பவில்லை.

“சரி. அது கொறயிற வரைக்கும் ஓடுவம். நான் ஒன்னோட ஈக்கன்.”

பாலாவியில் கல்பிட்டி ரோட்டுக்கு ஏறினார்கள். தென்னோலைக் கிடுகு போர்த்திய உப்புக் குவியல்கள் தாண்டிப் போயின. தூரத்தில் காற்றாலைகள் அவசரமே இல்லாமல் சுற்றின. கடலையொட்டிய களப்புக் காற்று முகத்தில் உப்போடு அடித்தது. நஸ்ஹா அழுதாள், சத்தம் போட்டே அழுதாள். வாப்பா திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார். அழுது ஓய்ந்ததும் அவர் மறுபடியும் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

கேட்டார்.