வேணுகோபாலின் கடைசிப் பட்டாப்பட்டி

ஆண்டிமடம் வேணுகோபாலுக்கு ஆறு ஏக்கர் முந்திரித் தோப்பு, ஒரே மகள், ஒரே ஒரு பட்டாப்பட்டி டவுசர். தோப்பு எங்கும் ஓடிப்போகாது. மகள் வினோதினிக்கு இன்றைக்கு நிச்சயதார்த்தம். மிச்சமிருந்த கவலையெல்லாம் அந்த டவுசரைப் பற்றித்தான்.

ஒரு காலத்தில் வேட்டியை மடித்துக் கட்டினால் தொடையில் நீலக்கோடு தெரியாத ஆம்பளை அந்தப் பக்கத்திலேயே கிடையாது. இப்போது எல்லாக் கால்களிலும் டிராக் பேண்ட் ஏறிவிட்டது. ஜெயங்கொண்டத்தில் கடை கடையாகக் கேட்டுப் பார்த்துவிட்டார். "அதெல்லாம் இப்ப யாருங்க போடுறா? பெர்முடா தரட்டுமா?" என்கிறார்கள். வீட்டில் இருந்த ஐந்தில் நாலை மனைவி தனம் தரை துடைக்கப் போட்டுவிட்டாள். தன் டவுசர் தரையில் தவழ்வதைப் பார்த்துக்கொண்டே தினமும் காப்பி குடிக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! ஐந்தாவதை மட்டும் அவரே துவைத்து, தோப்பிலேயே காயப்போட்டுக் காப்பாற்றி வந்தார்.

முந்தின நாள் வினோதினி ஒரு புது ஜட்டியை அம்மா கையில் கொடுத்தனுப்பிவிட்டு, கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். "அப்பா, வீடியோ எடுக்குறாங்க. நீங்க பாட்டுக்கு வேட்டிய மடிச்சுக் கட்டிடுவீங்க, கோடு கோடாத் தெரியும். மாப்ள வூட்டுல என்ன நெனைப்பாங்க? அதத்தான் போடுவேன்னு சத்தியம் பண்ணுங்க."

வேணுகோபால் சத்தியம் செய்தார். அதை மீறவும் இல்லை. ஜட்டியைப் போட்டார். அதற்கு மேல் பட்டாப்பட்டி போடக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லையே!

போடாமல் எப்படி இருப்பார்? பட்டன் வைத்த பை அதில்தான் இருக்கிறது. சட்டைப் பையை அவர் நம்பியதே இல்லை. கொட்டை பொறுக்கக் குனிந்தால் உள்ளதெல்லாம் கொட்டிவிடும். காலையில் தனம், "மாப்ளைக்குப் போடுற மோதிரம், பத்திரம்" என்று நீட்டியபோதும் கை தானாக டவுசர் பைக்குத்தான் போனது.

பத்தரை மணிக்குத் தா.பழூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா சிங்காரவேலு நல்ல கனத்த ஆள், வயலில் உழைத்த உடம்பு. அவருக்கு மாப்பிள்ளை அறிவுச்செல்வனே இந்தக்கால இறுக்கப் பேண்ட் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டிருந்தான். அது தொடையைக் கவ்விப் பிடித்திருந்தது. மனுஷன் காலை அகட்ட முடியாமல் புதுப்பெண் மாதிரி நடந்து வந்தார். தட்டு மாற்ற ஜமக்காளத்தில் சம்மணம் போட்டார் பாருங்கள், ஸ்பீக்கர் பாட்டையும் மீறி 'டர்ர்' என்று ஒரு சத்தம்.

வேணுகோபால் சட்டென்று தன் துண்டை அவர் இடுப்பில் சுற்றி அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். புது வேட்டி ஒன்றை எடுத்து நீட்டினார்.

சிங்காரவேலு அதை வாங்கவில்லை. "பேண்டுக்கு மாறிப் பன்னண்டு வருஷம் ஆச்சுங்க சம்பந்தி. வேட்டி இடுப்புல நிக்காது. இன்னொரு தடவ மானம் போச்சுன்னா நான் சபையில உக்கார மாட்டேன், கார்ல ஏறிடுவேன். உள்ள ஒரு பட்டாப்பட்டி இருந்தாலாச்சும் தைரியமாக் கட்டலாம். அதத்தான் எம்மவன் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டானே!" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

வெளியே யாரோ, "பன்னண்டு மணிக்கு எமகண்டம் வந்துரும், சீக்கிரம்" என்று கத்தினார்கள்.

வேணுகோபாலிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். ஆனாலும் மகள் கல்யாணமாயிற்றே. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். திரும்பி வந்தபோது கையில் பட்டாப்பட்டி இருந்தது. "நேத்துதாங்க துவைச்சேன். அடியில ஜட்டி போட்டுருந்தேன், ஒண்ணும் யோசிக்காதீங்க."

"எம்மாம் நாளாச்சுங்க இதப் பாத்து!" சிங்காரவேலு அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

தட்டு மாற்றியாயிற்று. "மோதிரத்தப் போடுங்க" என்றார்கள். வேணுகோபாலின் கை இடுப்புக்குப் போனது. அங்கே ஜட்டிதான் இருந்தது. சும்மாவேனும் சட்டைப் பையைத் துழாவினார்.

"ஏங்க, தொலைச்சிட்டீங்களா?" என்றாள் தனம். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். மோதிரம் தொலைவது நல்ல சகுனமா என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. உண்மையைச் சொன்னால் சத்தியத்தில் செய்த தில்லுமுல்லு வெளியே வரும், சம்பந்தியின் மானமும் சேர்ந்து போகும். சொல்லாவிட்டால்? வேணுகோபால் மகளைப் பார்த்தார். மை வைத்த கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

"தொலையல" என்றார். "சம்பந்தி டவுசர் பையில இருக்கு."

"அவரு டவுசர்ல எப்புடிப்பா?"

"அவரு போட்டுருக்கறது என்னுதும்மா."

சிங்காரவேலு மெல்ல எழுந்தார். வீடியோ லைட்டுக்கு நேராக நின்று, வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டினார். நீலக்கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பட்டனைக் கழற்றிக் கையை விட்டார். தோப்புச் சாவி வந்தது, வெற்றிலை வந்தது, கடைசியில் மோதிரம் வந்தது.

"அதான பாத்தேன், என்னடா குத்துதேன்னு!"

வீடியோக்காரர் கேமராவை இறக்கப் போனார். முதலில் சிரித்தது வினோதினிதான். "அண்ணே, நிறுத்தாதீங்க, எடுங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மோதிரம் மாப்பிள்ளை விரலில் ஏறியது.

சாயங்காலம் கார் கிளம்பும்போது வேணுகோபால் ஜன்னலோரம் தயங்கி நின்றார். "சம்பந்தி, வேட்டிய நீங்களே வெச்சுக்கங்க. ஆனா அந்த..."

"கல்யாணத்தன்னிக்கும் இதத்தான் போடப்போறேன் சம்பந்தி!" என்றார் சிங்காரவேலு. கார் போய்விட்டது.

வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேணுகோபால் உள்ளே வந்தார். கூடத்தில் தனம் சாம்பார் சிந்திய இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த துணியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தனம்" என்றார். "அந்த நாலையும் சேத்துத் தைச்சா, ஒண்ணு தேறாது?"