ஏழாம் நம்பர் பங்குதாரர்

மெழுகுவர்த்திக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிற அந்த அம்மாளை எல்லாரும் ஏழாம் நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். முதலாளி கம்பெனியைப் பதிவு செய்த காலத்தில், சட்டப்படி ஏழு பங்குதாரர்கள் இருந்தே ஆகவேண்டும். முதலாளி, அவர் மனைவி, தம்பி, தம்பி மனைவி, மாமனார், டிரைவர் என்று ஆறு பேர் தேறிவிட்டார்கள். ஏழாவதாக வரவேண்டிய மச்சான், தன்னை முதலில் கூப்பிடவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். ஆடிட்டரோ பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார். முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண் மூலையில் அட்டைப்பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். அவ்வளவுதான், பசைக் கையோடு பங்குதாரர் ஆகிவிட்டாள்.

சும்மா ஒப்புக்கு ஒரு பங்கு. ஆனால் ஒப்புக்கு என்று நினைத்தது முதலாளி மட்டும்தான். வருடத்துக்கு ஒருமுறை பங்குதாரர் கூட்டம் நடக்கும். மற்றவர்கள் வருவார்கள், பிஸ்கட் தின்பார்கள், கையைத் தூக்குவார்கள், போவார்கள். கடைசியில் ஏதாவது கேள்வி உண்டா என்று முதலாளி சம்பிரதாயத்துக்குக் கேட்பார். உண்டு என்று எழுந்து நிற்பாள் இவள். ஒரு வருடம் பேக்கிங் அறையில் ஏன் ஃபேன் இல்லை என்றாள். இன்னொரு வருடம் பெண்கள் கழிப்பறைக்கு ஏன் தாழ்ப்பாள் இல்லை என்றாள். கேள்வியும் பதிலும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறவேண்டும், அதில் ஆடிட்டர் படு கறார். எழுத்தில் ஏறிய பிறகு முதலாளியால் மழுப்ப முடியுமா? ஃபேன் வந்தது, தாழ்ப்பாளும் வந்தது.

இந்த வருடம் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். சின்னக் கம்பெனிகள் தழைக்கட்டும், வெட்டிக் காகித வேலை ஒழியட்டும் என்று, இனி ஒரே ஆள்கூடக் கம்பெனி நடத்தலாம் என்றது அரசாங்கம். கூட்டம் கிடையாது, கேள்வி கிடையாது. பேப்பரில் அதைப் படித்த முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற ஆறு பேரும் தங்கள் பங்கை அவருக்கு எழுதிக்கொடுத்தால் போதும். விட்டது தொல்லை என்று ஐந்து பேர் ஒரே வாரத்தில் எழுதிக்கொடுத்தார்கள்.

ஏழாம் நம்பர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "இந்த வருஷக் கேள்வி ஒண்ணு பாக்கி இருக்கு முதலாளி. பேக்கிங் ரூமுக்கு ஏன் ரெண்டாவது வாசல் இல்ல? வாசல் வரட்டும், கையெழுத்துப் போடுறேன்" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பேக்கிங் அறைக்கு ஒரே வாசல், அதுவும் மெழுகு காய்ச்சுகிற கொப்பரைகளுக்குப் பக்கத்தில். போன மாதம் அங்கே ஒரு திரிநூல் கட்டு பற்றிக்கொண்டது. நாலு வாளி மணலில் அணைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் பத்தொன்பது பெண்கள் அந்த ஒற்றை வாசலில் முட்டி மோதினார்கள். வெளியே வந்து விழுந்த ஏழாம் நம்பர் திரும்பிப் பார்த்தாள், உள்ளே புகை மட்டும்தான் தெரிந்தது. அதே அறையில் வேலை பார்க்கிற அவள் நாத்தனாருக்கு முட்டிவலி, உட்காருவதும் அறையின் கடைக்கோடியில். வீட்டில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம், தொட்டதற்கெல்லாம் சண்டை. இருந்தாலும் அந்த நேரத்தில் இவள் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் நாத்தனார் இருமிக்கொண்டே வந்து, செருப்பு ஒன்று தொலைந்துவிட்டது என்று புலம்பினாள். எல்லாரும் சிரித்தார்கள். இவளுக்கு மட்டும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதலாளி கையை விரித்தார். ஒரு பக்கம் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், இன்னொரு பக்கம் பாய்லர். மிச்சம் இருப்பது அவருடைய ஏசி அறைதான். அதை உடைத்து வழி விடுவதா? நல்ல கூத்து என்றார். சூப்பர்வைசர் ஆக்குகிறேன் என்று ஆசை காட்டினார், மனைவியைத் தூது அனுப்பினார், மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தும் பார்த்தார். இவள் மசியவில்லை. புதுச் சட்டத்தில் ஏதாவது சந்துபொந்து இருக்கிறதா என்று ஆடிட்டரைக் குடைந்தார். "சட்டம் மாறிருச்சு சார், அந்தம்மா மாறலையே. அவங்க கையெழுத்து இல்லாம ஒண்ணும் நகராது" என்றார் ஆடிட்டர்.

ஒரே வாசல் போதும், இதோ நானே காட்டுகிறேன் என்று முதலாளி கடைசியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். சரி என்று அவரைக் கூட்டிப்போய் நாத்தனாரின் ஸ்டூலில் உட்காரவைத்தாள் ஏழாம் நம்பர். மணி அடித்ததும் எல்லாரும் ஓடவேண்டும் என்று ஏற்பாடு. மணி அடித்தது. அட்டைப்பெட்டி அடுக்கு ஒன்று சரிந்து முதலாளியின் காலடியில் விழுந்தது. யாரோ ஒருத்தியின் முழங்கை அவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. முட்டிவலிக்கார நாத்தனார்கூட அவரை இடித்துத் தள்ளிவிட்டு முந்திப் போய்விட்டாள். இருபதாவது ஆளாக, சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்து, மூச்சு வாங்க வெளியே வந்தார் முதலாளி. கொப்பரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கொத்தனார் வந்து நின்றார்.

ஒரு வாரத்தில் ஏசி அறைச் சுவரில் கதவு வைத்தாகிவிட்டது. அவசர வழி என்பதால் அதைப் பூட்டவே கூடாது என்று ஆடிட்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாத்தனாரின் ஸ்டூலிலிருந்து கதவுக்கு நாலே எட்டு. ஏழாம் நம்பர் அதை இரண்டு தடவை நடந்து பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் முதலாளியின் மேஜைக்கு முன்னால் நின்று, சொன்ன சொல் மாறாமல் கையெழுத்துப் போட்டாள். இத்தனை வருடம் பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த பங்குச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். கம்பெனியில் தனக்கென்று இருந்த ஒரு நாற்காலி போகிறதே என்று வருத்தமாகத்தான் இருந்தது.

முதலாளி சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். முகமெல்லாம் பல். "அப்பாடா, இனிமே என்னை யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றார்.

ஆடிட்டர் காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் புதுக் கதவு மெல்லத் திறந்தது. நாத்தனார் தலையை நீட்டினாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள் தெரிந்தன.

"முதலாளி, ஒண்ணு கேக்கணுமே" என்றாள்.