டை ஊறும் முப்பத்தைந்து நிமிடம்

முதல் வாரம் ‘எறும்புக்கடி’ வலைப்பூவுக்குப் பதினொரு வருகைகள் பதிவாகியிருந்தன. அதில் எட்டு, எழுதியவளே எட்டிப் பார்த்தது. இரண்டு, அவள் கணவர் ‘படிச்சேன், பிரமாதம்’ என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டபின் நிஜமாகவே படித்தது. மிச்சமிருந்த ஒன்று யாரென்று தெரியவில்லை. அந்த முகம் தெரியாத ஒருவருக்காக அவள் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள்.

அவளைத் தெருவில் எல்லோருமே அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அது நாத்தனாரின் உபயம். தெருமுனையில் பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கும் நாத்தனார், நாளுக்கு நாற்பது தடவை ‘எங்க அண்ணி, எங்க அண்ணி’ என்று பேசியதில், முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களுக்கும் அவள் அண்ணியாகிப் போனாள். நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் கத்தரி. பாதி தொழிலுக்காக, பாதி வாய்க்காக.

அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறரைக்குப் போனால் பதினொன்று வரை ஊசியும் பஞ்சும்தான். ‘எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்’ என்று நாளுக்கு ஐம்பது பேரிடமாவது சொல்லிவிடுவாள். ஊசி ஏறும் அந்த நொடியில் மனிதர்கள் எங்கே பார்க்கிறார்கள், என்ன உளறுகிறார்கள் என்பதை வருடக்கணக்கில் மனதில் சேர்த்து வைத்தவள், ஒரு நாள் துணிந்து எழுத ஆரம்பித்தாள். எழுதியதைப் படிக்கத்தான் ஆளில்லை.

“கடையைத் திறந்து வச்சுட்டு உள்ளேயே உக்காந்திருந்தா ஆளு வருமா அண்ணி?” என்றாள் கத்தரி, அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு. “ஜனங்க எங்க சும்மா உக்காந்திருக்காங்கன்னு பாக்கணும்.”

“எங்க உக்காந்திருக்காங்களாம்?”

“என் கடையில. தலையில டை தடவினா முப்பத்தஞ்சு நிமிஷம். எந்திரிக்கவும் முடியாது, சாயவும் முடியாது. கண்ணாடியும் போட முடியாது, காம்பெல்லாம் கறுப்பாயிடும். புக்கைக் குடுத்தா கையை நீட்டி நீட்டிப் பாத்துட்டு மடியில வச்சிருவாங்க, பாவம்.”

“கண்ணாடி இல்லாதவங்க என் பிளாக்கை எப்படிடி படிப்பாங்க?”

“அவங்க எதுக்குப் படிக்கணும்? என் வாய் எதுக்கு இருக்கு?”

சனிக்கிழமை பதினொரு மணிதான் பார்லரில் டை போடும் கூட்டம். அண்ணி தன் பதிவைச் சரியாக அந்த நேரத்துக்கு வெளிவரும்படி கணினியில் குறித்து வைப்பாள். கத்தரி கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, சுழல் நாற்காலிகளுக்கு நடுவில் நின்று ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். முன்கூட்டியே பார்க்கச் சொன்னால் மாட்டாள். “முன்னாடியே தெரிஞ்சா வாசிக்கிறதுல ருசி இருக்காது அண்ணி.”

அவள் தந்திரம் வேறு இடத்தில் இருந்தது. கதை சூடு பிடிக்கும் இடம் பார்த்து டக்கென்று நிறுத்திவிடுவாள். “மீதியை வீட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டுப் படிச்சுக்கோங்க” என்று வலைப்பூவின் முகவரி எழுதிய சின்ன அட்டையை ஆளுக்கொன்று நீட்டுவாள்.

“அடிப்பாவி, அந்த ஆளு மயங்கி விழுந்தாரா இல்லையா, அதையாச்சும் சொல்லு!” என்று பேங்க் மேடம் டை வழியக் கெஞ்சினாலும் நடக்காது.

“எங்க அண்ணி குத்துறவங்க, நான் வெட்டுறவ. பாதியில வெட்டுறதுதான் மேடம் என் தொழில்.”

மூன்றாம் சனிக்கிழமை முப்பத்தெட்டு வருகைகள். ஆறாம் சனிக்கிழமை எழுபதைத் தாண்டியது. தெரியாத பெயர்களில் பின்னூட்டங்கள் வந்தன. பரிசோதனை நிலையத்துக்கு வந்த ஒருத்தி, கையை நீட்டிவிட்டு, “என்னைப் பத்தி எழுதிடாதீங்க” என்றாள். எழுத மாட்டாளா என்ற ஆசை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அண்ணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எழுத எழுத, எழுதக்கூடாதது ஒன்றும் கையை அரிக்க ஆரம்பித்தது.

கத்தரியின் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். பார்லருக்கு வருகிற அத்தனை பேருக்கும் அப்படித்தான் தெரியும். உண்மையில் அந்த மனிதர் பக்கத்து ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். கப்பலைப் படத்தில் பார்த்திருந்தால்தான் உண்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் கத்தரி ஒரு பையோடும் தொழில் கத்தரிக்கோலோடும் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள். அன்றிலிருந்து மாடி அறை அவளுடையது. வருடத்துக்கு ஒருமுறை, ‘அவர் வந்திருக்கிறார், மூன்று நாள் விடுமுறை’ என்று கடைக் கதவில் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். அண்ணி தட்டில் சாப்பாடு கொண்டுபோய் வைப்பாள். நான்காம் நாள் கத்தரி கடைக்குப் போய், அவர் வாங்கி வந்ததாக ஒரு சென்ட் பாட்டிலை எல்லோருக்கும் காட்டுவாள். அந்த பாட்டிலை வாங்கித் தருவதும் அண்ணிதான்.

இதைத்தான் அண்ணி ஒரு மாலை உட்கார்ந்து எழுதினாள். போன மாதம் கத்தரி ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது, படிவத்தில் ‘அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்’ என்ற இடத்தில் அண்ணியின் எண்ணை எழுதியதில் தொடங்கி, வாசலில் வந்து நின்ற நாளைச் சொல்லி, கப்பலுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் வந்து சேர்ந்தது அந்தப் பதிவு. பெயரில்லை, உறவு சொல்லவில்லை, ஆனால் பார்லர் வாடிக்கைக்காரிகள் யாராவது படித்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அவள் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று அவளுக்குத் தெரியும். வெளியிடப் போவதில்லை என்றும் தெரியும். எழுதிப் பார்த்தோம், போதும் என்று மூடி வைத்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுப் பதிவைப் புதிதாகத் தொடங்க அவளுக்கு வராது. பழைய பதிவு ஒன்றை நகலெடுத்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, அதிலேயே எழுதுவாள். எழுத்து அளவு, தலைப்பு இடம் எல்லாம் தயாராக இருக்குமே. இந்த முறை நகலெடுத்தது, வரும் சனிக்கிழமைக்கென்று குறித்து வைத்திருந்த பதிவை. அதனால் நகலோடு கிழமையும் நேரமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன.

சனிக்கிழமை பதினொன்று பத்துக்கு வேலை முடிந்து, அலமாரியிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். ‘உங்கள் இரண்டு பதிவுகள் வெளியாகியுள்ளன’ என்றிருந்தது. மேலே நின்ற தலைப்பு, அவள் மூடி வைத்திருந்த அந்தப் பதிவினுடையது.

கைப்பேசியில் அவளுக்குப் படிக்க மட்டும்தான் தெரியும். எழுதுவது, அழிப்பது எல்லாம் வீட்டுக் கணினியில். கத்தரிக்குப் போன் செய்தாள். வாசிக்கும்போது யார் அழைத்தாலும் கத்தரி துண்டித்துவிடுவாள், துண்டித்தாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தரும் கணவரை அழைத்தாள்.

“ஏங்க, உடனே வீட்டுக்குப் போய் என் கம்ப்யூட்டரைத் திறங்க!”

“நான் எங்கம்மா போறது? இங்க ஒருத்தங்க ரிவர்ஸ் எடுக்கிறாங்க, உயிரைக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கேன்... மேடம், அது பிரேக் இல்ல, அது பிரேக் இல்ல!”

அண்ணி பார்லரை நோக்கி ஓடினாள். சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு தெருதான், ஆனால் அன்றைக்கு இரண்டு தெருவும் ரப்பர் மாதிரி நீண்டன. ஆறு வருடமாகக் கட்டிக் காத்த மானத்தைக் கத்தரி தன் வாயாலேயே, தன் கடையிலேயே வாசித்துக்கொண்டிருப்பாள். எழுபது வாசகர்களுக்கு ஆசைப்பட்டு, கூடப் பிறக்காத தங்கையைத் தெருவில் நிறுத்திவிட்டோமே.

பார்லர் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது, கத்தரியின் குரல் எப்போதும்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலிகளில் பேங்க் மேடம், ஸ்கூல் டீச்சர், இன்னும் இரண்டு பேர், கறுப்புக் குழம்பு பூசிய தலைகளோடு.

“...அந்தப் பொண்ணு பையோட வாசல்ல நிக்கிறா. கதவைத் திறந்த அண்ணி, என்ன ஆச்சு, ஏது ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. எத்தனை நாள் இருப்பேன்னும் கேக்கல. ‘மாடி ரூம்ல பல்பு ஃபியூஸ் ஆயிருக்கு, இரு’ன்னு சொல்லிட்டு, ஸ்டூலைத் தூக்கிட்டு மாடிக்குப் போறா...”

அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். இப்படி ஒரு வரியை அவள் எழுதவில்லை. பல்பா? அவளுக்கு நினைவுகூட இல்லை. அவள் எழுதுவது இந்த நடையும் அல்ல. இது கத்தரி பேசுகிற பேச்சு.

சுவர்க் கண்ணாடியில் பார்த்தாள். கத்தரியின் கையிலிருந்த கைப்பேசித் திரை கறுத்து அணைந்து கிடந்தது. கத்தரி அதையே உற்றுப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்டூல் ஒரு பக்கம் ஆடுது. அந்தப் பொண்ணு புடிச்சுக்கிட்டா. அழணும்னு நினைச்சுத்தான் மாடி ஏறினா. ஆனா ஸ்டூலை விட்டா அண்ணி விழுந்துருவாளே, கண்ணைத் துடைக்கக் கை ஏது? பல்பு எரிஞ்சதும் அண்ணி இறங்கி, கையைத் தட்டிட்டு, ‘ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கோ, கொசு வரும்’னு சொல்லிட்டுப் போயிட்டா. அவ்வளவுதான். முற்றும்.”

“முற்றுமா?” என்றாள் பேங்க் மேடம். “இன்னைக்கு அட்டை கிடையாதா? மீதி?”

“மீதி இல்ல மேடம். இன்னைக்குச் சின்னப் பதிவு. முழுசா படிச்சுட்டேன்.”

எவரும் வீட்டுக்குப் போய் மீதியைத் தேடக்கூடாது என்றுதான் கதையை முடித்திருக்கிறாள் என்பது அண்ணிக்குப் புரிந்தது. முதல்முறையாகக் கத்தரி ஒரு கதையை முடித்திருந்தாள்.

கண்ணாடி வழியாகவே கத்தரி அவளைப் பார்த்தாள். “அண்ணி, வீட்டுல ஏதோ அணைக்காம வந்துட்டீங்க போல. போய் அணைச்சுட்டு வாங்க.”

அண்ணி வீட்டுக்கு ஓடி அந்தப் பதிவை அழித்தாள். அதற்குள் ஒன்பது பேர் பார்த்திருந்தார்கள். யார் அந்த ஒன்பது பேர் என்று வலைப்பூ சொல்லாது.

மாலை மாடிக்குப் போனாள். கத்தரி துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“வெளியிடணும்னு எழுதல கத்தரி. சத்தியமா. நகல் எடுத்ததுல தேதியும்...”

“எழுதினதைக் கேக்கல அண்ணி.” குரலில் கோபம் இல்லை, அதுதான் அதிகம் வலித்தது. “எனக்குக் காட்டாம எழுதினீங்க பாருங்க. அந்தக் கப்பலைக் கட்டினவ நான். மூழ்கடிக்கிறதா இருந்தாலும் நான்தான் மூழ்கடிக்கணும்.”

அண்ணி ஒரு துண்டை எடுத்து மடித்தாள். கத்தரி அதை வாங்கி, பிரித்து, தன் கணக்குப்படி மறுபடி மடித்தாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் அண்ணி எதுவும் எழுதவில்லை. பார்லரில் ரேடியோ பாடியது. வருகைகள் நாற்பதாகி, பதினைந்தாகி, ஆறாயின. அவள் எண்ணிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கத்தரி சாப்பிட வருவாள், ‘உப்பு வேணும்’ என்பாள், போவாள். வாயாடி அளவாகப் பேசினால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது!

“என்ன, ரெண்டு பேரும் மௌன விரதமா?” என்று கணவர் கேட்டு, இரண்டு பக்கமிருந்தும் முறைப்பு வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மாலை, கத்தரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அண்ணியின் கணினிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அதை அழிச்சுட்டீங்களா?”

“அன்னைக்கே அழிச்சுட்டேன்மா.”

“நகல் இருக்குமே. நகல் எடுக்காம நீங்க மூச்சுகூட விட மாட்டீங்களே.”

இருந்தது. கத்தரி முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். சென்ட் பாட்டில் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“‘தேம்பி அழுதாள்’னு போட்டிருக்கீங்க. நான் எப்ப தேம்பினேன்? அடிச்சுருங்க.”

அண்ணி அதை அடித்துவிட்டாள்.

“பல்பு இல்லாம கதை நொண்டுது. அதை முன்னாடி வைங்க. கப்பலைப் பின்னாடி தள்ளுங்க.”

“கப்பல் எதுக்குடி? அதை எடுத்துடலாம்.”

“இருக்கட்டும்.” கத்தரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இந்த வருஷம் மறுபடி மூணு நாள் கதவைச் சாத்திட்டுப் படுக்க எனக்கு முடியாது அண்ணி. சாப்பாட்டுத் தட்டோட நீங்க மாடி ஏறி வர சத்தம் கேக்குறப்போ, இது யாருக்காக நடிக்கிறோம்னு இருக்கு. ஆனா அதை நின்னு சொல்ல எனக்கு வாய் வராது. இவ்வளவு பேசுற வாய்க்கு அது மட்டும் வராது.”

இருவருமாகத் திருத்தி முடித்தபோது காபி ஆறிப்போயிருந்தது. நேரம் குறிக்கும் இடத்தில் கத்தரியே சனி, பதினொன்று என்று தட்டினாள்.

மறுநாள் அண்ணி வேலை முடிந்து பார்லர் வாசலுக்கு வந்தபோது, வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. கைப்பேசித் திரை பளிச்சென்று எரிந்தது.

“‘...ஸ்டூல் ஒரு பக்கமாக ஆடியது. நான் மேலே ஏறிக் கையை உயர்த்தினேன். கீழே ஸ்டூலைப் பிடித்திருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்...’” கத்தரி கைப்பேசியை இறக்கினாள். “மீதியை வீட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டுப் படிச்சுக்கோங்க.”

“ஏய், இது அன்னைக்கே படிச்ச கதைதானே? அவ ஒண்ணும் சொல்லலையே அப்போ!” என்றாள் பேங்க் மேடம்.

“அன்னைக்கு மறைச்சுட்டேன் மேடம். இந்தாங்க அட்டை.”

அண்ணி போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள். செய்ய ஒன்றுமில்லாமல், தரையில் கிடந்த முடியைக் கூட்டினாள்.

அன்று மாலைக்குள் நூற்றுப் பன்னிரண்டு வருகைகள். பின்னூட்டம் ஒன்றுகூட இல்லை. அந்த வாரம் முழுக்க மாடி விளக்கு சீக்கிரமே அணைந்தது.

அடுத்த சனிக்கிழமை முதலில் வந்தது பேங்க் மேடம். ‘வீட்டுக்காரர் எப்போ வராரு’ என்று வழக்கமாகக் கேட்டுக்கொண்டே உட்காருகிறவள், அன்று கண்ணாடியைக் கழற்றிக் கத்தரி கையில் கொடுத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.

“அந்தப் பல்பு இன்னும் எரியுதா கத்தரி?”

கத்தரி டை கலக்கிக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “ரெண்டு தடவை மாத்தியாச்சு மேடம். இப்பெல்லாம் ஸ்டூல் மேல நான்தான் ஏறுவேன். அண்ணி புடிச்சுப்பாங்க.”

“நல்லது. பாத்துப் பூசு, காதுல படாம.”