கால்வாய்ப் பாலத்தில் ஊதுகிற வழக்கம் இல்லை

ரயிலை மறுபடியும் பின்னால் கொண்டுபோகச் சொல்லி ஹேந்திரா கையை ஆட்டினான். அந்தக் கையைப் பார்த்தாலே இஞ்சின் ஓட்டும் கஸ்மினுக்குக் கழுத்து வலித்தது. காலையிலிருந்து இதே கூத்துதான். கரும்புத் தோட்டத்து வளைவு வரை பின்னால் போவது, அங்கே நின்று ஆவி சேர்ப்பது, புகையைக் கக்கிக்கொண்டு முன்னால் வருவது, பழைய நீராவி இஞ்சினைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பது, அதில் யாராவது ஒருத்தருக்குத் திருப்தியில்லாமல் போவது. ஒரு முறை நடுவில் ஆடு வந்துவிட்டது. இன்னொரு முறை, உரமூட்டையோடு மோட்டார் சைக்கிளில் போனவன் நின்று வேடிக்கை பார்த்தான். அதற்கப்புறம், இஞ்சின் நெருப்புக்குக் கரும்புச் சக்கை அள்ளிப் போடும் ஜுமாதியின் கால்பந்துச் சட்டை கண்ணை உறுத்துகிறது என்று சொல்லி, ஹேந்திரா தன் பையிலிருந்து பழைய காக்கிச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அது ஜுமாதியின் வயிற்றை மூட மறுத்தது.

"என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை படம் புடிக்கலண்ணே," என்றான் ஜுமாதி.

கஸ்மின் துண்டால் வாயை மூடிக்கொண்டார். வாயைத் திறந்தால் சாம்பல் உள்ளே போகும். பின்னால் பெட்டிகளில் கிடந்த கரும்புகூட நிஜக் கரும்பு இல்லை. நிஜம்தான், ஆனால் ஆலைக்குப் போகாத கரும்பு. அந்த வேலையை லாரிகள் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. இது படத்துக்காக ஏற்றி வைத்தது. காய்ந்து, எறும்பு மொய்த்து, இந்த வாரம் வந்த எல்லாக் கூட்டத்துக்கும் இதே கரும்புதான் போய்ப் போய் வருகிறது. மற்ற நாட்களில் கஸ்மின் ஆலை வளாகத்துக்குள் டீசல் வண்டி ஓட்டுகிறவர். அதில் மெத்தை வைத்த இருக்கை உண்டு. அதை விட்டுவிட்டு இந்த அடுப்பைப் பார்க்க எதற்குக் கடல் தாண்டி வருகிறார்கள் என்பது அவருக்கு இன்னமும் விளங்கவில்லை.

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குண்ணே காயுது?" என்று ஜுமாதி வெயிலில் நிற்கும் அந்தத் தாடிக்கார வெள்ளைக்காரர்களைக் காட்டிக் கேட்பான். கேட்பானே தவிர, அவர்கள் வந்தால்தான் அவனுக்கு வேலை. தினக்கூலி ஆள். இந்த இஞ்சினில் நெருப்பு இல்லை என்றால் அவன் வீட்டு அடுப்பிலும் இல்லை. வருகிறவர்கள் முகம் கோணினால் இஞ்சினை நிறுத்திவிடலாம் என்று மேலாளர் போன மாதமே சொல்லியிருந்தார்.

ஹேந்திரா ஓடிவந்தான். சுரபாயாக்காரன், வெள்ளைக்காரர்களைக் கூட்டி வருகிறவன்.

"கடைசியா ஒண்ணுண்ணே. கால்வாய்ப் பாலத்துல ஏறும்போது நீளமா ஊதணுமாம். லாவு மலைக்கு முன்னால வெள்ளையா ஆவி எழும்புமாம்."

"அங்க ஊதுற வழக்கம் இல்ல."

"ஏன்?"

"இல்லப்பா. அவ்வளவுதான்."

ஹேந்திரா ஜுமாதியைப் பார்த்தான். ஜுமாதி அடுப்பைப் பார்த்தான்.

பாலத்தைத் தாண்டியதும் வாழை மரங்களுக்குப் பின்னால் வர்சினி வீடு. அவள் புருஷன் சுரோசோ இந்த இஞ்சினை ஓட்டியவர். அப்போது சக்கை அள்ளிப் போட்டது கஸ்மின். சுமையோடு திரும்பும்போது சுரோசோ அந்தப் பாலத்தில் நீளமாக ஊதுவார். அது வர்சினிக்கு. அவள் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். இஞ்சினைக் கொட்டகையில் விட்டு அவர் வீட்டுக்கு நடந்து வருவதற்குள், தூளை அப்படியே போட்டுக் கலக்கிய காப்பியில் மண்டி அடியில் தங்கி, குடிக்கத் தயாராக இருக்கும். ஊரே அதைச் சொல்லிக் கிண்டல் செய்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில், ஆலை ஓடாத நாளில், காய்ச்சல் வந்து சுரோசோ படுக்கையிலேயே போய்விட்டார்.

அடுத்த அரவைப் பருவத்தில் கஸ்மின்தான் ஓட்டுநர். பாலம் வந்தபோது கை ஊதல் கயிறு வரை போயிற்று, நின்றது. பார்த்த மற்ற ஓட்டுநர்களும் அங்கே ஊதுவதை விட்டார்கள். வண்டியை மெதுவாக்கி, ஊதலுக்குப் பதிலாகக் கொடியோடு ஓர் ஆளை முன்னால் இறக்கி, சத்தமில்லாமல் கடப்பார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. வர்சினியிடமும் யாரும் சொல்லவில்லை. புண்ணைத் தொட்டு வலிக்கிறதா என்று கேட்கிற ஊர் இல்லை இது. கஸ்மினின் மனைவி மலேசியாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டாள். மகன் அழைப்பதில்லை. நான் ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது இந்தப் பாலம் ஒன்றுதான். சந்தையில் வர்சினி எதிரே வந்தால் லேசாகத் தலை குனிந்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பாவம், துக்கம் ஆறவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

"ஊதிடுங்கண்ணே," என்றான் ஜுமாதி, அடுப்பிடம் சொல்வதுபோல. "என் பொழப்பு இருக்குல்ல."

வளைவு வரை போய்த் திரும்பினார்கள். பாலத்தின் முதல் கட்டை சக்கரத்துக்கடியில் அதிர்ந்தபோது கஸ்மின் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தார். சத்தம் தண்ணீரில் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது வாழை மரங்களுக்கு இந்தப் பக்கம் வர்சினி நின்றிருந்தாள். அரிசி களைந்த ஈரக் கை, தோளில் நழுவிய முக்காடு. படத்துக்குள் வந்துவிட்டாள் என்று தாடிக்காரர்கள் கத்தினார்கள், விலகச் சொல்லிக் கை வீசினார்கள். அவள் அசையவில்லை. கஸ்மின் பிரேக்கைப் போட்டு இறங்கினார்.

"மன்னிச்சுக்கங்கக்கா. இவங்க கேட்டாங்க, அதான் ஊதினேன்."

"எதுக்கு மன்னிப்பு?" அவள் இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷமா ஏன் ஊதல?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"எனக்கா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. "மசூதிகிட்ட ஊதுறீங்க. பள்ளிக்கூடத்துகிட்ட ஊதுறீங்க. எங்க வீடு வந்தா மட்டும் திருடன் மாதிரி போறீங்க. அவரு போனதோட இந்த வீட்டுல ஒரு ஆளு இருக்காங்கறதே உங்களுக்கெல்லாம் மறந்துபோச்சுன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"நீங்க கேட்டிருக்கலாமே."

கஸ்மினுக்கு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடவேண்டும் போலிருந்தது. நல்லது என்று இத்தனை நாள் பொத்தி வைத்திருந்தது, இன்னொருத்தி தனியாகச் சுமந்த வலி. அழுகைகூட வரவில்லை. அத்தனை அசதி. வர்சினி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள்.

ஹேந்திரா வந்து, வெளிச்சம் போய்விட்டது, கிடைத்த படம் போதுமாம், கிளம்புகிறோம் என்றான். தாடிக்காரர்கள் கேமரா முக்காலிகளை மடக்கித் தங்கள் வண்டியில் ஏறினார்கள். வண்டி கிளப்பிய புழுதி அடங்கும்வரை கஸ்மின் தரையிலேயே நின்றார். பிறகு மேலே ஏறி, கயிற்றில் கை வைத்தார்.

"அண்ணே, அளவு முள்ளைப் பாருங்க," என்றான் ஜுமாதி. "கொட்டகைக்குப் போறதுக்கே ஆவி பத்தாது. சக்கையும் தீந்துபோச்சு. ஊதினா இங்கயே படுத்துக்கும்."

வர்சினி வாசலை எட்டியிருந்தாள். ஆனால் உள்ளே போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

கஸ்மின் இழுத்தார். சுரோசோ இழுக்கும் நீளத்துக்கு இழுத்தார். சத்தம் முதலில் திடமாக எழும்பி, பிறகு மெலிந்து, இழைந்து, கடைசியில் வெறும் மூச்சாகி நின்றது. இஞ்சின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாசலில் இப்போது யாரும் இல்லை.

ஜுமாதி காக்கிச் சட்டையைக் கழற்றி, அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு இஞ்சினின் படியில் உட்கார்ந்தான். வாழை இலைகளுக்கு மேலே, ஓட்டுக் கூரையின் இடுக்கிலிருந்து அடுப்புப் புகை கிளம்பியது.

"எத்தனை பேருக்குக் காப்பித் தண்ணி வைக்கிறாங்கன்னு தெரியலையேண்ணே," என்றான்.

கஸ்மின் கயிற்றை விடாமல் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.