தீப்பெட்டி ஆபீஸில் மத்தியான ஜெபம்

எங்கள் ஊரில் கிறிஸ்தவர்கள் மொத்தம் ஒரு ஆள். அது நான். புருஷன் செத்த வருஷம், தொண்ணூற்று நாலில், கோவில்பட்டி சபையில் ஞானஸ்நானம் எடுத்தேன். சந்தனமாரி என்கிற பெயர் சாராள் ஆனது. போதகர் ஐயரும் சபையாரும்தான் அப்படிக் கூப்பிடுவார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் தீப்பெட்டி ஆபீஸில் நான் மாரிதான்.

அங்கே குச்சி அடுக்குகிற கொட்டகையில் எனக்குப் பக்கத்து இடம் ஆறுமுகத்தாய்க்கு. ஆடு வளர்க்கிற வீட்டுப் பெண். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்ததும் நான் கண்ணை மூடி ஜெபிப்பேன். நாற்பது பொம்பளைகள் கூடிய இடத்தில் வாய் சும்மா இருக்குமா? "ஆண்டவரே, மாரிக்கு ஒரு கருவாட்டுத் துண்டு அனுப்பும்" என்பாள் ஒருத்தி. கொட்டகையே சிரிக்கும்.

"ஏட்டி, வாயை மூடுங்க. அவ சாமி கும்பிடுதா" என்று ஆறுமுகத்தாய்தான் அதட்டுவாள். நான் ஆமென் சொல்லும்வரை அவளும் சோற்றில் கை வைக்க மாட்டாள். நாலு வருஷம் இப்படித்தான் போனது.

தொண்ணூற்றெட்டு பங்குனியில், சபைப் பெண்கள் கூட்டத்தில் எமிலி டீச்சர் நட்பைப் பற்றிப் பேசினார்கள். விசுவாசம் வளரவேண்டும் என்றால் விசுவாசிகளோடு பழகவேண்டும், மற்றவர்கள் சகவாசம் நம்மைக் கிணற்றுக்குள் இழுத்துவிடும் என்றார்கள். எனக்குப் புத்தி பத்தாது, வேகம் மட்டும் நிறைய. மறுநாளே ஆறுமுகத்தாயிடம் சொல்லிவிட்டேன்.

"இனிமே நாம சேர்ந்து சாப்பிட வேண்டாம் தாயி. உன் சேர்க்கை என் விசுவாசத்துக்கு ஆகாதாம்."

"நான் என்னட்டி செஞ்சேன்?"

நான் குனிந்து என் தூக்குவாளியைத் திறந்தேன். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

சரி, விசுவாசிகளோடு பழகுவோம் என்று பார்த்தால், ஆராதனை முடிந்ததும் "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று கைகூப்பிவிட்டு அவரவர் குடும்பத்தோடு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வீடு நிறைய ஆள் இருந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி, பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காட்டு வழியே இரண்டு மைல் நடப்பேன். வீட்டில், வந்துவிட்டாயா என்று கேட்க நாதி கிடையாது. அந்த நாட்களில் நான் பட்ட தனிமை புருஷன் செத்தபோதுகூடப் பட்டதில்லை.

ஆபீஸில் கேலி கூடியது. முதலில் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன். பிறகு தலையை மட்டும் குனிந்து மனசுக்குள், சுருக்கமாக. ஐப்பசி மழை விழுந்தபோது அதுவும் நின்றுவிட்டது. வீட்டிலும் அப்படியே. வருகிற ஞாயிறு சபைக்குப் போகவேண்டாம் என்று முடிவே செய்துவிட்டேன். யாரும் தேடப்போவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முதல் கவளத்தை எடுக்கும்போது ஆறுமுகத்தாய் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏட்டி, கும்பிடாம சோத்துல கை வைக்க?"

"உனக்கென்ன?"

"ஒரு வாரமா பாக்கேன். உன் சாமி உனக்கு வேண்டாமப் போயிட்டா? இதுக்கா என்னைய எந்திரிச்சிப் போகச் சொன்ன?"

கவளத்தை வாளியிலேயே போட்டேன். "கும்பிட வரமாட்டேங்கு தாயி."

"உன் ஆளுக கோவில்பட்டியில இருக்காவளே?"

"இருக்காவ. ஞாயித்துக்கிழமை மட்டும்."

அவள் சிரிக்கவில்லை. "சரி, கும்பிடு. நான் இங்கன நிக்கேன்" என்றாள். கொட்டகையில் பேச்சு அடங்கிவிட்டது.

கண்ணை மூடினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அவள் காதில் விழும்படி ஆண்டவரிடம் கேட்டேன். "ஆண்டவரே, தப்புப் பண்ணிட்டேன். கூட இருந்தவளை விலக்கிட்டேன். என்னை மன்னியும்."

"அதை ஏன் அவர்ட்ட சொல்லுத?" என்றாள் ஆறுமுகத்தாய். "நான்லா இங்கன நிக்கேன்."

கண்ணைத் திறந்தேன். நாற்பது பேர் பார்க்க, அவள் முகத்தைப் பார்த்து அதையே சொன்னேன்.

"சரி, சாப்பிடு" என்றாள். எதிர்ச் சுவர்ப் பக்கமே திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்கும் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன்.