ஐந்தரை மணி மாத்திரை

நரம்பியல் வார்டில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் டிக் மேடம். வார்டுக்கு வந்து சேரும் ஒவ்வொரு நோயாளியும் வீட்டில் என்ன மாத்திரை சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எந்த மருந்து எதோடு சேரக் கூடாது என்று பார்த்து, டாக்டரோடு கலந்து பேசி, கணினியில் ஏற்றுவது அவள் வேலை. அது கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை இல்லை என்று அக்காவுக்கு ஆறு வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறாள். அக்கா இன்றைக்கும் அக்கம்பக்கத்தில், "என் தங்கச்சி மெடிக்கல் ஷாப்புல இருக்கா" என்றுதான் சொல்கிறாள்.

நோயாளிக்கு ஒரு தாள். தாளில் பன்னிரண்டு வரி. முடிந்த வரிக்குப் பக்கத்தில் பச்சைப் பேனாவால் ஒரு டிக். பன்னிரண்டும் பச்சையாகாமல் அவள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை.

யாருக்கும் தெரியாத ஒரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. சில நாள், வேலையைச் செய்வதற்கு முன்பே டிக் போட்டுவிடுவாள். இதோ செய்யத்தானே போகிறோம் என்று. டிக்கைப் பார்த்ததும் கை தானாக மிச்ச வேலையை முடித்துவிடும். அந்தத் திங்கட்கிழமை வரை அப்படித்தான் நடந்து வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறாம் நம்பர் கட்டிலுக்கு வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், வாய் மட்டும் ஓயாது. மருந்தின் அளவைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்க நாலு நாள் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

அவர் மனைவி கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். ஐந்தரை, ஒன்பது, பன்னிரண்டரை, நாலு, ஏழரை. எழுத்து குண்டு குண்டாக இருந்தது.

"டிரிப் ஷீட்டும்மா அது" என்றார் டிரைவர். "முதல் டிரிப் அஞ்சரைக்கு எடுத்தே ஆகணும். இல்லைன்னா அன்னிக்குப் பூரா வண்டி தள்ளு ஸ்டார்ட்டுதான்."

"நீங்க சும்மா இருங்க" என்ற மனைவி இவள் பக்கம் திரும்பினாள். "அவரு எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே வாயில போட்டுருவேன் கண்ணு. முக்கா மணி நேரம் போகாம காலைத் தரையில வைக்க விடமாட்டேன். மருந்து இறங்காம நடந்தாருன்னா, நிலைப்படி வந்ததும் அப்படியே நின்னுடுவாரு. பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவை விழுந்தது இல்ல."

"பன்னெண்டு வருஷமா என் கண்டக்டர் இவதான். விசில் அடிக்காம நான் இறங்க முடியாது."

இவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். வழக்கமாகச் சொல்வதையும் சொன்னாள். "மாத்திரை கொடுத்த கையோட பால், முட்டை எல்லாம் கொடுக்காதீங்கம்மா. மருந்தை உடம்புல சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடணும்." மனைவி அதைக் கேட்டுத் தலையாட்டிய விதத்தில், பாடம் கேட்கிற பிள்ளையின் கவனம் இருந்தது.

பிறகு மேசைக்கு வந்து கணினியில் ஏற்றினாள். 'தினமும் ஐந்து வேளை' என்று தேர்ந்தெடுத்தால் போதும், கணினி தானாக எட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து, எட்டு என்று நேரம் போட்டுக்கொள்ளும். பெரும்பாலான மருந்துக்கு அது சரிதான். இந்த மருந்துக்குச் சரியில்லை. இன்னொரு பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு நேரத்தையும் கையால் மாற்ற வேண்டும். அவள் எட்டாவது வரியில், 'நேரம் நோயாளியின் வழக்கப்படி' என்பதற்குப் பக்கத்தில், டிக் போட்டாள். அந்தப் பக்கத்தைத் திறக்கக் கை போனபோது தொலைபேசி அடித்தது. பதினோராம் கட்டிலில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு நிற்கவில்லை, எடைக்குத் தகுந்த மருந்தளவு உடனே வேண்டும். பதிவு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினாள்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து தாளைப் பார்த்தாள். பன்னிரண்டும் பச்சை. வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் வார்டுக்குள் நுழைந்தபோது ஆறாம் நம்பர் கட்டில் காலியாக இருந்தது. தலைமை நர்ஸ் விஷயத்தைச் சொன்னாள். இரவில் உடன் யாரும் தங்கக் கூடாது என்பது வார்டு விதி. மனைவி காலை ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் வந்திருக்கிறாள். ஐந்தரை மாத்திரையை நர்ஸ் கொடுத்திருப்பாள் என்று நினைத்து, பசிக்கிறது என்ற மனிதருக்கு பிளாஸ்க்கிலிருந்து ஒரு தம்ளர் பால் கொடுத்திருக்கிறாள். ஏழு மணிக்கு அவர் குளியலறைக்குப் போக எழுந்திருக்கிறார். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது. மேல் உடம்பு முன்னே போய்விட்டது. இடுப்பு எலும்பு முறிந்து, எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"ராத்திரி டியூட்டி டாக்டர் அந்தம்மாகிட்ட பால் கொடுத்தீங்களான்னு கேட்டாரு. அவ்வளவுதான், ஐயோ நான்தான் கெடுத்தேன்னு சுவத்துல முட்டிக்கிட்டு அழுகை. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களாமே" என்றாள் தலைமை நர்ஸ்.

அவள் மேசைக்கு ஓடினாள். கணினியைத் திறந்தாள். எட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து, எட்டு. விடியற்காலை மாத்திரையே கிடையாது. சேராமல் போக உடம்பில் மருந்து இருந்தால்தானே! பால் என்ன செய்யும், பாவம். கோட்டுப் பையில் அந்தச் சீட்டு இருந்தது.

அப்போது அவள் செய்ததைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து ஐந்து நேரத்தையும் வரிசையாக மாற்றிவிட்டு, மூடினாள். மணி ஒன்பது இருபது. நாற்பது விநாடி வேலை.

பதினொரு மணிக்குத் தலைமை நர்ஸ், அவர் விழுந்ததைப் பற்றிய ஒரு படிவத்தோடு வந்தாள். 'காரணம்' என்ற கட்டத்தில், மருந்து நேரத்தில் பால் கொடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. "பால் கூடாதுன்னு முன்னாடியே சொல்லியாச்சுன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கு நம்ம மேல வராம இருக்கும்."

சொன்னது உண்மைதானே. எழுதியிருந்த ஒரு வரி கூட அவளைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள். பச்சைப் பேனாவை வைத்துவிட்டு நீலப் பேனாவால் போட்டாள். ஏன் மாற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவரைத் திரும்ப ஆறாம் நம்பருக்கே கொண்டுவந்தார்கள். இவள் ஒரு நாளைக்கு மூன்று தடவை போய் நேரத்தைச் சரிபார்த்தாள், வலி மாத்திரையால் குழப்பம் வருகிறதா என்று பார்த்தாள், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கவனித்தாள். "இந்தப் பொண்ணு தங்கம்" என்று மனைவி பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே கால் கூசியது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் குளியலறை இருட்டாக இருந்தது. அக்கா டார்ச்சோடு வெளியே வந்தாள்.

"ஏன்டி, குளியலறை பல்பு வாங்கிட்டேன்னு லிஸ்ட்டுல டிக் போட்டிருக்கே. பல்பு எங்க?"

"வாங்கலக்கா."

"அப்புறம் எதுக்கு டிக்கு? டிக்கை ஹோல்டர்ல மாட்டவா?"

எப்போதும் இவளும் பதிலுக்கு ஒன்று போடுவாள். அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அடியேய், ஒரு பல்புக்கா? என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல." கடைக்குக் கிளம்பிப் போய் இரண்டு பல்பு வாங்கி வந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு டிரைவரின் மனைவி அவள் அறைக்கு வந்தாள். முன்பு போர்வை அடுக்கிவைத்திருந்த அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பக்கம் கழன்றுபோன பிளாஸ்டிக் மூளை. மனைவி கையில் ஏழு நாள் மாத்திரை டப்பா இருந்தது. மூடிகள் விரல் பட்டுப் பட்டு வெளுத்திருந்தன. அதை மேசைமேல் வைத்தாள்.

"கண்ணு, நாளைக்கழிச்சு எங்களை அனுப்புறாங்க. பொண்ணு வந்திருக்கா. அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறா. இந்தக் கணக்கையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துடு."

"நீங்களும் போறீங்களாம்மா?"

"அங்க ரெண்டே ரூம். எனக்கு எங்க இடம்? வாரத்துக்கு ஒரு நாள் போய்ப் பாத்துக்குறேன்." டப்பாவைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "இனிமே நான் இதைத் தொடமாட்டேன். நீ அவ்வளவு தெளிவா சொல்லியும் என் புத்தி அன்னிக்கு எங்க போச்சோ. ஒரு தம்ளர் பாலு. அவரு நடையையே புடுங்கிட்டேன்."

மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். நல்லபடியாக, படம் போட்டுச் சொல்லிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவள் வாய் திறந்தாள்.

"அம்மா, பாலால இல்லம்மா."

"சமாதானம் சொல்லாத கண்ணு."

"சமாதானம் இல்ல. அன்னிக்குக் காலையில அவருக்கு அஞ்சரை மாத்திரை கொடுக்கவே இல்ல. நான் நேரத்தை மாத்தி ஏத்தியிருக்கணும். மறந்துட்டேன். கணினியில எட்டு மணின்னு இருந்தது. நர்ஸ் அதைத்தான் பாப்பாங்க. அவரு ராத்திரி எட்டு மணி மாத்திரையோட விடிய விடிய மருந்தே இல்லாம இருந்து, நடக்கக் கிளம்பியிருக்காரு. நீங்க பால் கொடுக்கலைன்னாலும் விழுந்திருப்பாரு."

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை காலையில."

"செவ்வாய்க்கிழமை." விரலை மடக்கி எண்ணினாள். "செவ்வா, புதன், வியாழன், வெள்ளி. நாலு நாளா நான் சோறு தண்ணி இறங்காம கிடக்கேன். தினம் வந்து கட்டில் பக்கத்துல நின்னுட்டுப் போனியே. வாயில என்ன வச்சிருந்த?"

இவளிடமிருந்து மன்னிச்சிடுங்க என்ற சொல் வந்தது. மிக மெல்லியதாக, எதற்கும் போதாததாக வந்தது.

"அதை அப்புறம் பாப்போம். எந்திரி. இதை என் பொண்ணுகிட்டயும் அவருகிட்டயும் சொல்லு. இப்பவே."

எட்டுக் கட்டில் தாண்டி நடந்தது எட்டு மைல் மாதிரி இருந்தது. மகள் கட்டிலோரம் ஒரு பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். இவள் முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை டிக்கைப் பற்றியும் சொன்னாள், நேரத்தைச் சத்தமில்லாமல் மாற்றியதையும், கையெழுத்தையும். தலைமை நர்ஸ் மருந்து வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளின் முகம் சிவந்தது.

"எங்கம்மாவை நான் என்னவெல்லாம் பேசிட்டேன் தெரியுமா? உனக்கு வயசாயிடுச்சு, உன்னை நம்பி அப்பாவை விடமுடியாதுன்னு... இதுக்கு எழுத்துல வேணும் எனக்கு. உங்க மேலதிகாரி யாரு?"

"நானே எழுதித் தர்றேன். அவர்கிட்டயும் நானே சொல்றேன்."

டிரைவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். குரல் தாழ்ந்து வந்தது. "நான் அப்பவே யோசிச்சேன். முதல் டிரிப் எடுத்த மாதிரியே இல்லையேன்னு. கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில கேட்டா தப்பா நினைப்பாங்கன்னு விட்டுட்டேன்." பிறகு மனைவியைப் பார்த்தார். "கண்டக்டர் மேல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சுல்ல. அழாத."

மனைவி அழவில்லை. சுவரில் மணி நாலு ஆக இரண்டு நிமிடம் இருந்தது. தலைமை நர்ஸ் வண்டியிலிருந்து மாத்திரையைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்தாள். வழக்கம்போல் நேரம் பார்க்க நின்றிருந்த இவள், அதை வாங்கக் கை நீட்டினாள். அதற்குள் மனைவி வாங்கிக்கொண்டாள்.

"நான் கொடுத்துக்கிறேன் மேடம்."

கண்ணு போய் மேடம் வந்திருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

மனைவி ஒரு கையால் கணவரின் தலையைத் தூக்கிப் பிடித்து, மாத்திரையை வாயில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்தாள். மகள் துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள். பிறகு மனைவி இவள் பக்கம் திரும்பி உள்ளங்கையை விரித்தாள்.

"அந்தச் சீட்டு."

கோட்டுப் பையில் திங்கட்கிழமையிலிருந்து கிடந்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். மடிப்புகள் கிழிய ஆரம்பித்திருந்தன. மனைவி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அஞ்சரைக்கு என்னை உள்ள விடுவாங்களா?" என்று தலைமை நர்ஸைக் கேட்டாள்.

"விடச் சொல்றேம்மா."

இவள் அறைக்குத் திரும்பினாள். மாத்திரை டப்பா மேசைமேலேயே இருந்தது. எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கலாமா, அவர்களே வந்து கேட்கும்வரை இருக்கலாமா என்று நின்றாள். பிறகு எடுத்துக்கொண்டுபோய் மகளின் கையில் கொடுத்தாள். மகள் அதைப் பைக்குள் வைக்கவில்லை, அம்மாவின் மடியில் வைத்தாள்.

திரும்பி வந்து, திங்கட்கிழமைத் தாளை எடுத்தாள். எட்டாவது வரியின் டிக்கை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில், 'செய்யாமல் போட்டது' என்று எழுதித் தேதி போட்டாள். தலைமை நர்ஸிடம் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி, தாளோடு போய் மேலதிகாரியின் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடியும்வரை வெளியே நின்றாள்.