ரூஃபஸ் அண்ணனின் வசனம்

இந்தியாவிலிருந்து வரும் கல்யாண கேசட்டுகளை அமெரிக்க வி.சி.ஆரில் ஓடும்படி மாற்றித் தரும் கடை ஒன்று மில்பிடாஸில் இருக்கிறது. ஒரு வாரம் காத்திருந்து, அங்கிருந்து என் அண்ணன் ரூஃபஸை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாரிஸிலிருந்து அவன் நடித்த படத்தின் கேசட்டை அனுப்பியது தொண்ணூற்று மூன்றில். அந்த ஊர் கேசட் இங்கே ஓடாது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டி.வி.யில் கோடு கோடாக வந்ததும், இவன் மூஞ்சிக்கு இது போதும் என்று அலமாரியில் எறிந்துவிட்டேன். ஆறு வருஷம் அங்கேயே கிடந்தது. போன மாதம் மாரடைப்பில் அவன் போய்விட்டான்.

நடிகன் என்றால் பெரிய நடிகன் ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக பிரெஞ்சுப் படங்களில் பூ விற்கிறவன், தட்டு கழுவுகிறவன், மூன்று படத்தில் பிணம். கதாநாயகி மழையில் அழுதால் குடை பிடிப்பவன் இவன்தான். "நான் செத்தா டைரக்டரு ரெண்டாவது டேக் கேக்கவே மாட்டாரு" என்று போனில் பீற்றிக்கொள்வான். அம்மா நாகர்கோவிலில் இறந்தபோது, "ஷூட்டிங் இருக்கு, அடக்கத்துக்கு வர முடியாது" என்றான். பிணமாக நடிக்கிறவனுக்குப் பெற்றவளின் முகம் பார்க்க நேரமில்லையாம். அன்றிலிருந்து எட்டு வருஷம் அவன் போனை நான் எடுக்கவில்லை. ஆன்ஸரிங் மெஷினில் அவன் குரல் வந்தாலே அழித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் கேசட்டைப் போட்டேன். கணவர் ஆலனும் மகன் இவானும் கூட உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அண்ணன் வந்தான். ஆஸ்பத்திரிக் காவல்காரன் வேஷம். அநாதைப் பிணத்தின் பக்கத்தில் நின்று தன் மொழியில் ஜெபிக்க வேண்டும். உனக்குத் தோன்றியதைச் சொல் என்று விட்டிருப்பார்கள், அங்கே யாருக்குத் தமிழ் தெரியும்?

"மக்களே..." என்று தொடங்கினான்.

ஆலன் சிரித்தார். "என்ன குமாரி, எலெக்‌ஷன் ஸ்பீச்சா?"

அவர் மெட்ராஸ்காரர். எங்கள் ஊரில் அது செல்லமாகக் கூப்பிடும் சொல். அண்ணன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

"மக்களே, ஷூட்டிங்னு சொன்னது பொய்யாக்கும். அப்பவே விசா முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டான். வெக்கத்துல சொல்லல்ல. அம்மைக்க முகத்த ஒருக்கா பாக்காம... போனை எடு மக்களே. ஆமென்."

சுற்றி நின்ற நடிகர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"வாட்ஸ் ஹி சேயிங், அம்மா?" என்றான் இவான்.

திரையில் கதாநாயகன் கதவைத் திறந்தான். இனி அண்ணன் ஓரமாக ஒதுங்கிவிடுவான், இருபது வருஷமாக அதுதானே அவன் வேலை. பாஸ் பட்டனை அமுக்கினேன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் டேப் தேயும் என்று எங்கள் வி.சி.ஆர் தானாகவே படத்தை அணைத்துவிடும். டி.வி.க்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நடுங்கியபடி நின்றது அவன் முகம்.

"எடுத்துட்டேண்ணே," என்றேன். "எடுத்துட்டேன். பேசு."

டக்கென்று ஒரு சத்தம். திரை நீலமானது.